நாலு விரல்

கடலை மாவு வந்திறங்கும் மாதத்தில் தாயம்மாவின் புருவம் மஞ்சளாகிவிடும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கும். சூப்பர் மார்க்கெட்டின் மந்தைவெளிக் கிளையில் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு தராசு, ஒரு சீல் மெஷின், லேபிள் ரோல்கள். தாயம்மாவும் சகினாவும் எதிரெதிரே உட்கார்ந்து மூட்டையைப் பிரிப்பார்கள். அள்ளி, நிறுத்து, மடித்து, சீல் வைத்து, லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு பாக்கெட். தலைக்கு வலைத் தொப்பி, மூக்குக்குத் துணி. அப்படியும் மாவு உள்ளே போய்விடும். வீட்டுக்குப் போய்க் குளித்தால் தண்ணீர் மஞ்சளாக ஓடும்.

அன்று காலையிலிருந்தே மழை. சரக்கு லாரியில் நீளமான பேனர் சுருள் ஒன்றும் வந்தது. தண்ணீர் பிடிக்கப் போன சகினா பாட்டிலை நிரப்பாமல் திரும்பி வந்தாள்.

"அக்கா."

"இன்னா?"

"வெளிய வந்து பாரு."

"மூட்ட தொறந்து கீது. நீயே சொல்லு."

"மறுபடியும் அந்த படத்தயே போட்டுட்டாங்க."

தாயம்மா கரண்டியை மாவில் குத்தி வைத்தாள். உடனே எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த பாக்கெட்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனாள்.

வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். மேலே 'பகிர்வு தீபாவளி'. கீழே 'உங்கள் ஐந்து ரூபாய், இவர்கள் வீட்டில் விளக்கு'. நடுவில் அவளும் அவள் புருஷன் அம்மாசியும். இருவருக்கும் இடையில் கடையின் பெயர் அச்சிட்ட பை. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது பொங்கலுக்கு எடுத்த படம்.

பண்டிகைக்குப் பண்டிகை, பில் போடும்போது ஐந்து ரூபாய் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்பார்கள். சேர்ந்ததில் அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் போட்டுப் பத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். பைகளைக் கட்டுவது தாயம்மாவும் சகினாவும். பொங்கலுக்கு ஒன்பது குடும்பம்தான் வந்தது. போட்டோக்காரர் நேரமாகிறது என்றார். மேனேஜர் பிரபு பின்பக்கம் ஓடி வந்தான்.

"அக்கா, யூனிஃபார்ம் கோட்ட கழட்டிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம். உங்க வீட்டுக்காரரும் வெளியதான நிக்கிறாரு?"

நின்றுகொண்டிருந்தார். அம்மாசிக்கு மீன்பாடி வண்டி. முன்னால் பலகை, பின்னால் பழைய பைக் இன்ஜின், மூன்று சக்கரம். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு வட்டாரத்தில் பீரோ, ஃப்ரிட்ஜ், சிமெண்ட் எதுவானாலும் ஏற்றி இறக்குவார். அன்று மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்தார். உள்ளே அழைத்துப் பையைக் கொடுத்தார்கள். அவர் அதன் அடியில் நாலு விரலைக் கொடுத்துத் தாங்கி, கனம் பார்த்துவிட்டு, "எங்கம்மா எறக்கணும்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். தாயம்மாவும் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்போது எடுத்தது.

சித்திரையில் அந்தப் படம் பதினெட்டுக் கிளைகளிலும் ஏறியது. முதலில் அம்மாசி ஒன்றும் நினைக்கவில்லை. "தாயி, என் மூக்கு அவ்ளோ பெருசாவா கீது?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவளுக்கு அன்று வார விடுமுறை. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் வீட்டை இடித்தபோது அரசாங்கம் பதிலுக்குக் கொடுத்த வீடு அது. பெரும்பாக்கம், ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாள். மூச்சு வாங்க வாசலிலேயே உட்கார்ந்தார்.

"இன்னாயா, லோடு இல்லியா?"

"இருந்துச்சி. ஜானு மாமி வூட்டு வாஷிங் மிஷினு. மாட வீதிலேர்ந்து லஸ்ஸுக்கு."

"காசு குட்த்தாங்களா?"

"எட்நூறு சொன்னேன். எட்நூறும் குட்த்தாங்க."

"அப்பறம் இன்னா?"

"இன்னா அப்பறம் இன்னாங்கற? இருவது வருசமா அந்த மாமிகிட்ட லோடு அடிக்கிறேன். நா எட்நூறுன்னா அவங்க முந்நூறும்பாங்க. 'ஏன்டா அம்மாசி, மிஷின எடுத்துண்டு போகச் சொன்னா ஆத்தையே எடுத்துண்டு போயிடுவ போலருக்கே'ம்பாங்க. நா வண்டிய திருப்புவேன். தெருமுனை வரைக்கும் வுட்டுட்டு கூப்புடுவாங்க. நானூத்தம்பதுல முடியும். அப்பறம் மோரு. இன்னிக்கி வாயே தொறக்கல. கேட்டத குட்த்துட்டாங்க. மாமா சட்ட ரெண்டு குட்த்தாங்க. 'கடைல உன் படத்தப் பாத்தேன்டா. கஷ்டம்னா ஒரு வார்த்த சொல்லப்படாதோ'ன்னாங்க."

"நல்ல மனசுலதான சொன்னாங்க."

"மோரு குடுக்கல," என்றார் அம்மாசி.

அன்று அவர் சாப்பிடவில்லை. சட்டை இரண்டும் பைக்குள்ளேயே இருந்தன. அதன்பின் ஒவ்வொரு வாடிக்கையாக வந்து சொல்வார். ஆழ்வார்பேட்டை டாக்டர் வீட்டில் பேரம் பேசவில்லை. அடையாறில் பேரம் பேசவில்லை. ஒரு வீட்டில் அவரைச் சும்மா ஒருபக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு, பீரோவை அந்த வீட்டுப் பையன்களே தூக்கினார்களாம்.

வைகாசியில் ஒரு காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. முந்தின நாள் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

ஆடியில் லாரன்ஸ் வந்தான். அவனும் மீன்பாடி வண்டிதான். அம்மாசியோடு பதினைந்து வருஷம் ஒரே ஸ்டாண்டில் நின்றவன்.

"அண்ணன பாத்தேன் அண்ணி. வேளச்சேரில ஓட்டிக்கினு கீறாரு. வண்டிலயே தூங்குறாரு. தாடி வேற. சாமியாரு மாதிரி கீற, உண்டி வச்சின்னா நல்லா கல்லா கட்டும்னேன். அடிக்க வந்தாரு."

"வரச் சொன்னியா?"

"சொன்னேன். அந்த படத்த எடுக்கட்டும், அப்பறம் வரேன்னாரு."

"நா எங்கடா போயி எடுக்கறது?"

"அத்தயேதான் நானும் கேட்டேன். அண்ணி இன்னா மொதலாளியா யோவ்னு. டீய பாதில வச்சிட்டு எந்திரிச்சி பூட்டாரு."

இரண்டு வார விடுமுறைகளில் அவள் வேளச்சேரிக்குப் போய்ச் சுற்றினாள். ஒரு முறை தூரத்தில் வண்டியின் நீலப் பலகையைப் பார்த்தாள். அருகில் போவதற்குள் அது சந்தில் திரும்பிவிட்டது.

சித்திரையில் கட்டிய பேனரை இறக்கிச் சில நாள்கூட ஆகவில்லை; இப்போது மறுபடியும் அதே படம். தாயம்மா கையைத் துடைத்துக்கொண்டு பிரபுவிடம் போனாள். அவன் சர்க்கரை ஆஃபர் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த படத்த எடுக்கணும்."

"ஹெட் ஆபீஸ் அனுப்பினது அக்கா. நம்ம கைல ஒண்ணும் இல்ல."

"அவரு வூட்டுக்கு வரமாட்றாரு தம்பி. அஞ்சு மாசம் ஆச்சி."

"தெரியும்க்கா." பிரபு நூலைப் பல்லால் கடித்தான். "ஆனா இத நீங்க பெருசாக்கினீங்கன்னா, ஸ்டாஃப்ப ஏன் நிக்க வச்சேன்னு என்னக் கேப்பாங்க. புரியுதா? அந்தப் படத்துக்குத்தான் நல்லா காசு சேருதாம். ரெண்டு பேரும் நல்லா சிரிக்கிறீங்களாம்."

பத்து நாள் அவள் அந்தப் படத்தைக் கடந்து வேலைக்குப் போனாள். மழைத்தண்ணீர் அம்மாசியின் முகத்தில் வழிந்தது. கீழே குடைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பை கொடுக்கும் நாளன்று ஹெட் ஆபீஸிலிருந்து ஸஹானா வந்தாள். இந்த மாதிரி விஷயங்களை அவள்தான் பார்க்கிறாள். சின்னப் பெண். மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை பத்துக் குடும்பமும் வந்துவிட்டன. தாயம்மா பைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். ஸஹானா அவளைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள்.

"அய்யோ, நீங்களா? இங்கதான் வேல பாக்கறீங்களா?"

காய்கறித் தராசுப் பக்கம் நின்ற பிரபு குனிந்து எதையோ தேடினான்.

"ஆமாம்மா. அந்த படத்த எடுத்துடுங்கம்மா."

"ஏன், நல்லா இல்லயா?"

"நல்லாத்தான் கீது. அவருக்குப் புடிக்கல."

"உங்க ஹஸ்பண்டுக்கா? அப்போ கையெழுத்து வாங்கியிருப்பாங்களே."

"நாந்தான் போட்டேன். ரெண்டு பேருக்கும்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சகினாவிடம்கூட. அம்மாசி வண்டியைத் திருப்பப் போயிருந்தார். தாளை நீட்டினார்கள். அவர் பெயரையும் அவளே எழுதினாள்.

ஸஹானா பேனர் பக்கம் திரும்பினாள். பிறகு போனில் எதையோ பார்த்தாள்.

"இப்ப மாட்டினத எல்லாம் எடுக்க முடியாதும்மா. கடைசி நாலு நாள் ஆஃபருக்குப் புது பேனர் வருது. அதுல அவர எடுக்கச் சொல்றேன். நீங்க மட்டும் இருப்பீங்க. பரவாயில்லயா?"

"நா இருந்துட்டுப் போறேன்," என்றாள் தாயம்மா.

அன்றே லாரன்ஸுக்குப் போன் செய்தாள். புதுப் படம் வரும் நாளைச் சொன்னாள்.

"சொல்லிடறேன் அண்ணி. வருவாருன்னு நா சொல்லல. சொல்றேன்னு சொல்றேன்."

"அது போதும்."

அவள் அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்தாள். மாவை ஈரம் போகாமல் இடித்தாள். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தாள். பிசைந்து மூன்று நாள் மூடி வைத்தாள். ஓரம் கொஞ்சம் கருகினால்தான் அம்மாசி தொடுவார். வட்டங்களை எண்ணெயில் போட்டு, மற்றவர்கள் எடுக்கும் பதத்துக்குப் பிறகும் காத்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஏழு மாடி ஆழத்தில் பிள்ளைகள் நனைந்த பட்டாசைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு அதிரசம் வந்தது. மறுநாள் கடையில் கடலை மாவுக் கவரில் போட்டுச் சீல் வைத்தாள்.

"அட," என்றாள் சகினா. "தேதி போடு. வெல போடு. ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு போடு."

"போடி."

"மாமா வருவாரு அக்கா."

அன்று மத்தியானம் புது பேனர் வந்தது.

தாயம்மா தனியாக நின்றுகொண்டிருந்தாள். அம்மாசி நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. அவளுடைய சிரிப்பு அப்படியே இருந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். பையில் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே, பையின் அடியில், நாலு விரல்.

விரலை எடுத்தால் பையையும் வெட்ட வேண்டியிருக்கும். விட்டுவிட்டார்கள். ஆள்காட்டி விரலின் நகம் கறுத்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வண்டிச் செயினில் மாட்டியது.

"யாருக்கும் தெரியாது அக்கா," என்றாள் சகினா. "நீ சொன்னதுக்கு அப்பறம்தான் எனக்கே தெரியுது. பைல ஏதோ டிசைனுன்னு நெனச்சேன்."

"அவருக்குத் தெரியும்."

தீபாவளிக்கு முந்தின நாள் லாரன்ஸ் கூப்பிட்டான்.

"சொல்லிட்டேன் அண்ணி. முழுசா எடுத்துட்டாங்களான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நா பாக்கலியே. நீயே போய்ப் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

தாயம்மா போனை வைத்தாள். லேபிள் அலமாரியைத் திறந்தாள். ஆஃபர் பொருள்களில் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ரோல் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு வட்டம். இரண்டு ஒட்டினால் நாலு விரலும் மறையும். சகினா மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்துக்கோ," என்றாள் தலையைத் தூக்காமல். "நா பாக்கல."

தீபாவளியன்று மதியம் ஒரு மணிக்குக் கடையை அடைத்தார்கள். தாயம்மா வாசலில் நின்று இரண்டு ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாள். ஷட்டரைப் பூட்டிக்கொண்டிருந்த பிரபு பார்த்தான். இரண்டாவது ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை உரித்து நேராக ஒட்டினான்.

"பஸ் கம்மியா இருக்கும்க்கா. சீக்கிரம் கெளம்புங்க."

"ஆவட்டும் தம்பி."

பதினெட்டுக் கிளைக்கும் போக முடியாது. அம்மாசி வண்டி ஓட்டிய இடங்களில் இன்னும் நாலு இருந்தன.

ஆழ்வார்பேட்டைக்கு நடந்தே போனாள். தூறிக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டாசுத் தாள் ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது. வீடுகளுக்குள்ளிருந்து டிவிச் சத்தம் வந்தது. கடை பூட்டியிருந்தது. ஒட்டினாள். ஒரு நாய் வந்து காலை முகர்ந்துவிட்டுப் போனது.

தி.நகர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். முந்தின நாள் கால் வைக்க இடம் இல்லாத தெருவில் இப்போது ஒருவரும் இல்லை. பிளாஸ்டிக் கவர்கள் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தன. அங்கே பேனரை உயரத்தில் கட்டியிருந்தார்கள். பக்கத்துச் செருப்புக்கடை வாசலில் கிடந்த காலி டிரேயைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். அவள் முகத்துக்கு நேரே அவள் முகம் வந்தது. பார்க்காமல் ஒட்டிவிட்டு இறங்கினாள்.

அடையாறில் ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கி, கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியது. பட்டுப்பாவாடைச் சிறுமி ஒருத்தி பேனரையும் தாயம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கார் போகும்வரை தாயம்மா திரும்பி நின்றுகொண்டாள். பிறகு ஒட்டினாள்.

வேளச்சேரியில் இறங்கும்போது மணி ஐந்து. ரோட்டோரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கடை வாசலில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய வயதுதான் இருக்கும்.

தாயம்மா ரோலிலிருந்து ஸ்டிக்கரை உரித்தாள். கை பாதியில் நின்றது.

விரல்கள் அங்கே இல்லை. அந்த இடத்தில் சாயம் சுரண்டப்பட்டு வெள்ளை நூல் தெரிந்தது. கடையின் பெயரில் கீறல் இல்லை. பையை ஒட்டியிருந்த அவளுடைய விரல்களிலும் ஒரு கீறல் இல்லை. நாலு விரல் மட்டும் ஒவ்வொன்றாகப் போயிருந்தது.

"இன்னாம்மா பாக்கற?" என்றார் வாட்ச்மேன்.

"இத்த யாரு சுரண்டுனது?"

"அதுவா? காலைல ஒரு ஆளு. மீன்பாடி வண்டிக்காரு. பக்கத்து டீக்கடைல தெனம் பாப்பேன். சாவிய வச்சி சுரண்டிக்கினு கீறாரு. யோவ், இன்னா பண்ற, எனக்கு வேல பூடும்னேன். 'என்னுதுதான், எடுத்துக்கினு போறேன்'னாரு. பேச்சுக்குடுத்தா ஆவாதுன்னு வுட்டுட்டேன்."

தாயம்மா உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ரோலிலேயே ஒட்டினாள்.

"எங்க போனாரு?"

"ஒடனே எங்கயும் போவல. இந்த எதுர் அபார்ட்மெண்ட்ல ஒரு அம்மா சோபா ஏத்தணும்னு கூப்டுச்சி. தீபாவளியும் அதுவுமா நடு ரோட்ல ஒரே சண்ட. இவரு ஆயிரங்கறாரு, அது நானூறுங்குது. இவரு வண்டிய திருப்புறாரு. அது போ போங்குது. அரமணி நேரம்மா. எனக்கு பசியே போச்சி."

"எவ்ளோல முடிஞ்சிது?"

"அறநூறு. அந்தம்மா உன்ன மாதிரி கொள்ளக்காரன பாத்ததில்லன்னு சொல்லிக்கினே குட்த்துச்சி. அந்தாளு இன்னான்னா வாங்கிக்கினு அப்டி சிரிக்கிறாரு." வாட்ச்மேன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சொந்தக்காரரா?"

தாயம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர் அபார்ட்மெண்ட் வாசலில் யாரும் இல்லை. ஈரத்தில் மூன்று சக்கரத் தடம் இருந்திருந்தாலும் தண்ணீர் மூடியிருக்கும்.

வாட்ச்மேன் அவளைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"நீதானாம்மா இது?"

"ஆமா."

"ராத்திரி வருவாரு. டீக்கடைகிட்டதான் வண்டிய போட்டுக்கினு தூங்குவாரு. உக்காரு வேணா."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். தாயம்மா உட்காரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெரும்பாக்கம் பஸ் ஒன்று வந்து நின்று போனது. தூறல் வலுத்தது. ஒரு ராக்கெட் சீறிப் போய்ச் சத்தம் வராமல் அணைந்தது.

அடுத்த பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்தபோது அவள் பைக்குள்ளிருந்து அந்தக் கவரை எடுத்தாள். கடலை மாவுக் கவர். உள்ளே ஓரம் கருகிய எட்டு அதிரசம்.

"வந்தாருன்னா இத்த அவராண்ட குடுங்க."

"குட்த்துடறேன். யாரு குட்த்தான்னு சொல்ல?"

"பாத்தா தெரியும்." பஸ் கிட்டே வந்துவிட்டது. அவள் இரண்டு அடி போய்த் திரும்பினாள். "சும்மா குடுக்காதீங்க அண்ணே. எதனா ஒரு மூட்டய எறக்கச் சொல்லுங்க. எறக்குனா குடுங்க."

"தீபாவளி பலகாரத்துக்கா?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா. அப்பதான் வாங்குவாரு."

பஸ்ஸில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.